தெற்கு அறையில் அடித்த தென்றல்

போன ஞாயிறு அறையைச் சூடாக்குகிற ஹீட் பம்பின் வலைத்தட்டைக் கழுவிக் காயப்போட்டிருந்தேன். அது காய்வதற்குள், நான் இப்போது குடியிருக்கும் மாஸிப் பகுதியில் குளிர் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம்தானே என்று கராஜில் கிடந்த பழைய எண்ணெய் ஹீட்டரை உருட்டிக்கொண்டு வந்து சுவிட்சைப் போட்டேன். ஒரு கோடை முழுக்கத் தகடுகளுக்கு நடுவே படிந்திருந்த தூசி சூடாகி, லேசாகக் கருகி, ஒரு வாசனை எழுந்தது பாருங்கள். முடி பொசுங்குகிற வாசனையும் இல்லை, துணி பொசுங்குகிற வாசனையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. நல்ல வாசனை என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் மட்டும் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பூவை முகர்வதுபோல முகர்ந்துகொண்டிருந்தேன். முன்பு நான் குடியிருந்த பாபகூரா வீட்டைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

ஆக்லாந்தின் தெற்கு ஓரத்தில், பாபகூராவில், அது பழைய பலகை வீடு. கட்டைகள்மேல் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். தரைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு பூனைக் குடும்பம் வாழலாம், வாழ்ந்தது. காற்று கீழே நுழைந்து, பலகை இடுக்கு வழியாக மேலே வந்து, கால் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுப் போகும். நான் சிவகாசிக்காரி. எங்கள் ஊரில் குளிர் என்பது ஃபிரிட்ஜைத் திறந்தால் வருவது, மூடினால் போய்விடுவது. வீட்டுக்குள் நடக்கும்போது வாயிலிருந்து புகை வரும் என்று எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. முதல் வாரம் அந்தப் புகையை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். இரண்டாவது வாரம் கையை வெளியே எடுக்க மனசில்லாமல் அதையும் நிறுத்திவிட்டேன்.

வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தவர்கள் யோகன் அண்ணாவும் சுகந்தி அக்காவும், யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர் புக்கெகோஹியில் வெங்காயம் தரம்பிரித்துப் பொதி செய்கிற இடத்தில் வேலை பார்த்தார். அவருடைய ஜாக்கெட் கதவுக்குப் பின்னால் தொங்கினால், சாம்பாரில் போட எடுத்துவந்த வெங்காயம் எங்கே என்று தேடத் தோன்றும். அக்காவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை, முதல் பிள்ளை. மீதி இரண்டு அறைகளில் ஒன்றில் நான். படிப்பு முடிந்து, நகரத்துக்கு ரயிலில் போய்வந்து, ஒரு கணினி உதவி மையத்தில் மற்றவர்களின் பாஸ்வேர்டை மீட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றில் திலகா, ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழச்சி, முதியோர் இல்லத்தில் வேலை. ஒரே கூரையின் கீழ் மூன்று தமிழ். காலையில் அக்கா "தேத்தண்ணி குடிச்சியா" என்பார், திலகா "பசியாறிட்டியா" என்பாள், நான் "சாப்பிட்டாச்சா" என்பேன். பதில் மட்டும் மூன்று பேருக்கும் ஒன்றுதான்: "குளிருது."

நான் வீடு பார்க்க வந்த நாளில் யோகன் அண்ணா அறைகளைச் சுற்றிக் காட்டினார். தங்கள் அறைக்கு வந்ததும் குரலில் ஒரு பெருமை ஏறியது. "இது எங்கட அறை. சரியா தென்மேற்கு மூலை. வீட்டுக்காரன் படுக்கவேண்டிய இடம். யன்னல் தெற்குப் பக்கம், நல்ல காத்து வரும்."

"தென்றல்" என்றேன் நான். படித்தவள் அல்லவா, சும்மா இருக்க முடியுமா.

"ஓம், தென்றல்தான்" என்றார் மகிழ்ச்சியாக.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பூமி சாய்ந்து சுற்றுவதைப் பள்ளிக்கூடத்தில் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திக் காட்டி, அதற்குப் பரிசும் வாங்கியவள் நான். நம் ஊரில் தெற்கிலிருந்து வருவது கடலைத் தொட்டுவிட்டு வருகிற தென்றல். ஆக்லாந்தில் தெற்கிலிருந்து வருவது அண்டார்டிகாவைத் தொட்டுவிட்டு வருகிறது. நடுவில் இருக்கிற மலையோ மனிதரோ அதைத் தடுத்ததாகத் தெரியவில்லை. அந்தக் காற்றுக்கு நேராகக் கட்டிலைப் போட்டுவிட்டு, நாங்கள் இருவரும் தென்றல் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். எனக்குக் கொடுத்தது வடக்குப் பக்கத்துச் சின்ன அறை. சின்னது என்பதால் வாடகையும் கொஞ்சம் குறைவு. "உமக்கு இது போதும்தானே பிள்ளை" என்று அக்கா கொஞ்சம் சங்கடப்பட்டார்.

ஏப்ரல் முடிந்ததும் ஹீட்டர்கள் வெளியே வந்தன. வீடு முழுக்க அந்தக் கருகிய தூசி வாசனை. பிறகு கரண்ட் பில் வந்தது. யோகன் அண்ணா அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நோயாளியின் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பில்லை எல்லோரும் சமமாகப் பிரிப்பது வழக்கம். ஆனால் விடியவிடிய ஓடிய ஹீட்டர் அவர்கள் அறையில்தான். அது அவரைக் குத்தியது. நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா தூங்கியதும் அவராகவே எழுந்து ஹீட்டரை அணைக்கத் தொடங்கினார் என்பது, அக்காவுக்கு இருமல் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் சும்மா இருப்பேனா. எந்த விஷயத்தைத் தொட்டாலும் அன்றைக்கே அதில் நிபுணியாகிவிடுகிற வியாதி எனக்கு. ஒரு மின்சாரக் கம்பெனி தினமும் ஒரு மணிநேரம் இலவசமாகக் கரண்ட் கொடுப்பதைக் கண்டுபிடித்து, எல்லோரையும் அதற்கு மாற்றவைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முந்தைய மணிநேரத்தைத் தேர்ந்தெடுத்தோம். முதல் நாள் அந்த நேரத்துக்காக நாலு பேரும் ஓட்டப்பந்தயக் கோட்டில் நிற்பதுபோல நின்றோம். மணி ஆனதும் சலவை இயந்திரம், ஓவன், ரைஸ் குக்கர், மூன்று ஹீட்டர்கள் எல்லாம் ஒன்றாக ஓடின. திலகா ஒரு வாரத்து யூனிஃபார்மைக் குவித்துவைத்துக்கொண்டு அயர்ன் பெட்டியைச் சொருகினாள். அந்த நொடியில் வீடு இருண்டது.

இருட்டில் முதலில் கேட்டது திலகாவின் குரல். "பரவால்ல லா. இருட்டும் ஃப்ரீதான்."

"ஆர் அயர்ன் போட்டது?" யோகன் அண்ணா.

"நீங்க மட்டும் கோழியே வறுக்கலாம், நான் ஒரு சட்டை தேய்க்கக்கூடாதா?"

அக்கா சோபாவில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "கதைக்காதேங்கோ, உள்ளுக்க உதைக்குது. அதுக்கும் சிரிப்பு வருது போல." மெயின் சுவிட்ச் எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இலவச நேரத்தில் பாதி போய்விட்டது. பிறகு முறை வைத்துக்கொண்டோம். முதலில் அடுப்பு, பிறகு சலவை, கடைசியில் அயர்ன். சில வாரங்களில் அந்த ஒரு மணிநேரம் எங்களுக்குத் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. வேலையிலிருந்து வருகிற ரயில் தாமதமானால், இலவசக் கரண்ட் போய்விடுமே என்று பிளாட்பாரத்தில் நின்று தவித்த ஒரே பயணி நானாகத்தான் இருப்பேன்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் இருந்தது. அதற்கு நாலு பேருமே பங்காளிகள். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இறுக மூடிவிட்டு, சமையலறையில் புட்டும் இடியப்பமும் அவிப்போம். ஆவி வீடெல்லாம் பரவும். "சும்மா வாற சூடுதானே, ஏன் வெளிய விடுவான்" என்பது அக்காவின் கட்சி. ஈரத் துணிகளையும் ஹீட்டருக்கு முன்னால்தான் விரிப்போம். காலையில் ஜன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் கோடுகோடாக வழியும். வெளிக்குளிர்தான் கண்ணாடி வழியாகக் கசிகிறது என்று நினைத்து, நாங்கள் இன்னும் இறுக்கி மூடுவோம்.

ஜூன் பிறந்ததும், பிரசவம் பார்க்கிற மிட்வைஃப் வீட்டுக்கு வந்தார். உயரமான, கலகலப்பான பெண்மணி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, புட்டு ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்காவைப் பார்த்து முடித்ததும், பிள்ளை எங்கே படுக்கப்போகிறது என்று கேட்டார். தொட்டில் ஏற்கெனவே தெற்கு அறையில் தயாராக இருந்தது. அவர் அதைச் சுவரிலிருந்து மெல்ல நகர்த்தினார். பின்னால் சுவரில் மிளகைத் தட்டித் தூவியதுபோலக் கரும்புள்ளிகள், பூஞ்சணம். விரலால் தொட்டுப் பார்த்தார். கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. ஈரக்காற்றைச் சூடாக்க இரண்டு மடங்கு செலவாகும், தினமும் காலையில் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து ஆவியை வெளியே விடுங்கள், பிள்ளை வருவதற்குள் இந்த அறை காய்ந்து வெதுவெதுப்பாக இருக்கவேண்டும், அக்காவின் இருமலுக்கும் அதுதான் நல்லது என்றார்.

அன்று சாப்பாட்டில் யோகன் அண்ணா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சுகந்தியை ஹாமில்டனுக்கு அனுப்பப்போறன். அவவின்ர அண்ணன் வீடு புது வீடு. ரெண்டு ஹீட் பம்ப். பிள்ளை பிறந்து குளிர் முடியும்வரைக்கும் அங்க இருக்கட்டும். நான் ஞாயிறு ஞாயிறு வருவன்."

அவருக்கு வேலையை விட முடியாது. புது வீட்டு வாடகை அவர்கள் கைக்கு எட்டாது. எல்லாம் சரியான கணக்குத்தான். அக்கா எழுந்து போய்த் தட்டைக் கழுவினார். நான் பக்கத்தில் நின்று துடைத்தேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொன்னார்: "தகப்பன் ஞாயிற்றுக்கிழமை வாற விருந்தாளியாம். பிள்ளை அவரைப் பாத்து, ஆர் இந்த வெங்காய மாமா எண்டு கேக்கப்போகுது." சிரிக்கத்தான் சொன்னார், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை, அந்தத் தெற்கு அறையைக் காயவைப்பது. பழைய பொருள் கடையில் ஈரம் உறிஞ்சுகிற இயந்திரம் ஒன்று வாங்கினேன். அதன் வாளி தினமும் நிறையும். நிறைந்த வாளியை எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் கொட்டுவேன். கண்ணாடியில் தண்ணீர் தெளித்துக் குமிழ் பிளாஸ்டிக்கை ஒட்டினேன். கனத்த திரைச்சீலை தேடியதில் கிடைத்தது ஏதோ தியேட்டரில் தொங்கியது போன்ற சிவப்பு வெல்வெட். அதைத் தரையைத் தொடும்படி மாட்டினேன். திலகா தன் பழைய பைஜாமாவின் காலைத் தைத்து, உள்ளே கந்தலை அடைத்து, கதவடியில் நீளப் போட்டாள். காலையில் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றோம். கண்ணாடியில் வழிகிற தண்ணீர் குறைந்தது. புள்ளிகளைத் துடைத்தால் திரும்ப வர நாளானது. ஆனால் அந்த அறையின் குளிர் மட்டும் போகவில்லை. சுவரைத் தொட்டால், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையைத் தொடுகிற மாதிரி ஜில்லென்று இருக்கும்.

இப்படியிருக்க, ஒரு லீவு நாள் மத்தியானம் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வீட்டில் அக்காவைக் காணவில்லை. கூப்பிட்டால் என் அறையிலிருந்து குரல் வந்தது. போய்ப் பார்த்தால், என் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். ஸ்வெட்டரைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். அந்த வீட்டில் ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் இல்லாத ஒரு மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"குறை நினைக்காதயும் பிள்ளை. நீர் வேலைக்குப் போனாப் பிறகு நான் ஒவ்வொரு நாளும் இஞ்சதான். உம்மட அறையிலதான் வெயில் நிக்குது."

அப்போதுதான் என் மண்டையில் அந்த ஆரஞ்சுப் பழம் சுற்றியது. நாம் இப்போது பழத்தின் அடிப்பாதியில் அல்லவா இருக்கிறோம். இங்கே சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். குளிர்காலத்தில் இன்னும் தாழ்ந்து, ஜன்னல் வழியாகக் கட்டில்வரை வரும். நான் விடிந்தால் ரயிலேறி, இருட்டியபின் திரும்புகிறவள். என் அறைக்குள் பகலெல்லாம் வெயில் வந்து, ஆளில்லாத கட்டிலில் படுத்து எழுந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அன்று மாலை யோகன் அண்ணா ஜாக்கெட்டைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். அறையை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அவர் யோசிக்கவேயில்லை. "குடும்பக்காரர் தென்மேற்கிலதான் படுக்கவேணும். பிள்ளை பிறக்கிற நேரம் மூலை மாறக்கூடாது." எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்ற அதே பயம்தான் அவரை அந்த மூலையோடு கட்டிப்போட்டிருந்தது.

வாதம் பலிக்காது என்று தெரிந்ததும் பரிசோதனைக்குப் போனேன். வீட்டில் தேங்காய் எண்ணெய் போத்தல் இரண்டு இருந்தன, இரண்டும் குளிரில் உறைந்து வெள்ளைக் கல். ஒன்றை அவர்கள் அறை ஜன்னலில் வைத்தேன், மற்றதை என் ஜன்னலில். அடுத்த நாள் மத்தியானம் வீட்டிலிருந்த திலகா படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். ஒரு போத்தலில் கல் அப்படியே. இன்னொன்றில் எண்ணெய் கலகலவென்று ஆடியது.

யோகன் அண்ணா விடவில்லை. "வெயிலுக்குள்ள வைச்சா உருகும்தானே. இதில என்ன அதிசயம்?"

"அதைத்தான் அண்ணா சொல்றேன். உங்க அறையிலயும் வெயில்ல வெச்சிருப்பேன். வெக்கிறதுக்கு அங்க வெயில் எங்க?"

அவர் சென்னையில் ஒரு வாஸ்துக்காரரை வீடியோவில் பிடித்தார். எந்த நாடாயிருந்தாலும் மூலை மூலைதான் என்று அவர் அடித்துச் சொன்னார். மெல்லிய வேட்டியும் துண்டும். பின்னால் மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திலகா எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயாவ இங்க வந்து ஒரு ராத்திரி படுக்கச் சொல்லுங்க லா, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிக்கொண்டே போனாள். யோகன் அண்ணா அவசரமாக ஃபோனைத் திருப்பிப் பிடித்தார்.

பேச்சு இப்படியே நீண்டிருக்கும். அக்கா எழுந்தார். தங்கள் அறைக்குப் போய், தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து வந்து என் கட்டிலில் போட்டார். பிறகு திரும்பிப் போய்ப் பிள்ளைச் சட்டைகளை எடுத்துவந்தார். மூன்றாவது நடையில் கதவடியில் நின்று சொன்னார்:

"இஞ்சேருங்கோ. சூரியனே இஞ்ச வந்து பக்கம் மாறி நடக்குது. நாங்கள் மாறினால் என்ன குறைஞ்சுபோகும்? நான் ஹாமில்டனுக்குப் போகேல்ல. இந்த அறைக்குத்தான் போறன். நீங்கள் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வாங்கோ."

அண்ணா ஃபோனை மேசையில் கவிழ்த்துவைத்தார். பிறகு தொட்டிலைத் தூக்கினார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வடக்கே தலைவைத்துப் படுக்க மாட்டேன். உடனே ஒத்துக்கொண்டோம். கட்டிலைத் திருப்பிப் போட்டோம். கட்டில் போட்டபின், பூமியின் இந்தப் பக்கத்தில் அந்த விதியும் தலைகீழாகுமா என்று நான் வாயை விட்டேன். திலகா என் வாயைப் பொத்தி வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

இப்படியாகக் கல்யாணமாகாத நான் குடும்பத் தலைவருக்குரிய மூலையில் குடியேறினேன். செல்வம் ஒன்றும் சேரவில்லை, ஜலதோஷம் சேர்ந்தது. சிவப்பு வெல்வெட், ஈர இயந்திரம், வெந்நீர்ப் பை, இரண்டு காலுறை எல்லாம் இருந்ததால் சமாளித்துவிட்டேன். பகலில் ஹீட்டர் வேண்டாத அறையில் பிள்ளைத்தாய்ச்சி இருந்ததால் பில்லும் இறங்கியது.

ஜூலையில் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்த அறைக்குத்தான் வந்தாள். யோகன் அண்ணா தினமும் வேலை முடிந்து வந்து, முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவி, அக்கா மோந்து பார்த்து அனுமதி கொடுத்த பிறகு பிள்ளையைத் தூக்குவார். ஞாயிற்றுக்கிழமைகளில் தரையில் மெத்தையைப் போட்டு மூன்று பேரும் வெயிலில் கிடப்பார்கள். வெயில் நகர நகர மெத்தையையும் இழுத்துக்கொண்டே போவார்கள். மாலையில் பார்த்தால் மெத்தை சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மூவரும் தூங்கியிருப்பார்கள்.

அந்த வீடு இப்போது இல்லை. இடிக்கவில்லை. இந்த ஊரில் பழைய பலகை வீட்டை இரண்டாக அறுத்து, லாரியில் ஏற்றி, இரவோடிரவாக வேறெங்காவது கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். போன வருடம் ரயிலில் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். ஒட்டி ஒட்டி ஆறு புது வீடுகள், இரட்டைக் கண்ணாடி, ஆளுக்கொரு ஹீட் பம்ப். நல்லதுதான், யாரும் புகைவிட்டுக்கொண்டு பல் தேய்க்க வேண்டியதில்லை. எங்கள் வீடு ஏதோ மேட்டில், ஏதோ மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும். இறக்கும்போது எந்தப் பக்கம் திருப்பி வைத்தார்களோ தெரியவில்லை. என் பழைய அறை இப்போது தெற்கு பார்க்கிறதோ என்னவோ. திலகா பெர்த்துக்குப் போய்விட்டாள். அங்கே வெயில் கொளுத்துகிறது என்று படம் போடுகிறாள். இலவச மணிநேரமும் இல்லை. இப்போது எனக்கு எந்த நேரத்தில் வேண்டுமானாலும் தனியாக அயர்ன் செய்ய முடிகிறது. அதில் ஒரு சுவாரஸ்யமும் இல்லை.

முந்தாநாள் யோகன் அண்ணா கூப்பிட்டார். புக்கெகோஹியில் ஒரு மனை வாங்கியிருக்கிறார்கள், கட்டப்போகிறார்கள். வீட்டு வரைபடம் மேசையில் இருக்கிறதாம். வாஸ்துக்காரர் ஒரு பக்கம் இழுக்கிறாராம், மகள் தன் அறையில் காலையிலேயே வெயில் வேண்டும் என்று ஆங்கிலத்தில் சண்டை போடுகிறாளாம். "நீர் ஒருக்கா வந்து பாரும் பிள்ளை. இந்தமுறை முதல்லயே கேப்பம்" என்றார்.

வருடத்திலேயே மிகக் குட்டையான பகல் இந்த ஞாயிறு. அன்றைக்கு வெறும் மனையில் நின்று பார்த்தால், குளிர்காலம் முழுக்க வெயில் எங்கே விழும், பக்கத்து வீட்டு நிழல் எதுவரை நீளும் என்று தெரிந்துவிடும். அறை அறையாகக் குச்சி நட்டு, கயிறு கட்டி, காலையிலிருந்து மாலைவரை நிழலைக் குறித்துக்கொண்டே இருக்கப்போகிறோம். வாஸ்துக்காரரும் வீடியோவில் இருப்பாராம், எனக்கு ஆட்சேபணை இல்லை. மழை பெய்தால் அதற்கடுத்த ஞாயிறு. குச்சிகளைச் சீவி காரில் போட்டாயிற்று.